கூட்டாஞ்சோறு: பூல் டேபிளுக்கு ஒரு புது ஆட்டம், விதிகளைப் பிரித்து மேயுங்கள்

ஹலசூரு கியூ

வணக்கம். பூல் டேபிளில் ஆட ஒரு புது ஆட்டம் யோசித்து வைத்திருக்கிறேன். விதிகளைக் கீழே போடுகிறேன். டேபிளில் ஆடிப் பார்த்தோ, மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோ, எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

இருக்கிற ஆட்டம் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டத்தில் ஸ்நூக்கரில் வளர்ந்தவர் ஒருவர். ஒன்பது பந்து என்கிற பூல் ஆட்டம் தவிர வேறெதையும் தொடாதவர் ஒருவர். சின்ன வயதில் மூணு பந்து பில்லியர்ட்ஸ் பழகியவர் இன்னொருவர். பெங்களூரில் நாங்கள் போகிற பார்லர்களில் 12 அடி ஸ்நூக்கர் போர்டு கிடைப்பது அபூர்வம், 8 அடி பூல் டேபிள்தான் இருக்கும். அதனால் எல்லாரும் எட்டுப் பந்து என்கிற பூல் ஆட்டமே ஆடுகிறோம். பில்லியர்ட்ஸ் பழகியவர் வெள்ளையை (கியூவால் அடிக்கிற பந்து) குஷன் குஷனாக, அதாவது டேபிள் ஓரங்களில் மோதவிட்டு, சுற்றவிட்டு ரெண்டாவது பந்தை மெல்லத் தொட்டு நிறுத்துவார். பார்க்கவே அவ்வளவு அழகு, ஆனால் அதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. எல்லார் கைத்திறனுக்கும் வேலை கொடுக்கிற ஒரே ஆட்டம் வேண்டும் என்பதுதான் ஆசை. பேர் கூட்டாஞ்சோறு.

சாதாரண 15 பந்து செட் போதும். 9 முதல் 15 வரை உள்ள ஏழு ஸ்ட்ரைப் (பட்டை போட்ட) பந்துகள் ஸ்நூக்கரின் ரெட் மாதிரி, ஒவ்வொன்றும் 1 புள்ளி. 1 முதல் 7 வரை உள்ள சாலிட் (முழு நிற) பந்துகள் கலர் மாதிரி, பந்தின் மேல் இருக்கிற எண்ணே அதன் புள்ளி. ஒரு ஸ்ட்ரைப்பைப் பாக்கெட்டில் போட்டால் அடுத்து ஒரு சாலிட். விழுந்த சாலிட்டை எடுத்து ஃபுட் ஸ்பாட்டில் (பந்து அடுக்குகிற பக்கத்துப் புள்ளி) வைக்க வேண்டும். ஸ்ட்ரைப் ஏழும் தீர்ந்தபின் ஒன்பது பந்து விதி வரும்: டேபிளில் உள்ள சின்ன எண்ணை வெள்ளை முதலில் தொட வேண்டும், அதன்பின் எந்தப் பந்து விழுந்தாலும் கணக்கு. ஆட்டம் முழுக்க, வெள்ளை ரெண்டு பந்தைத் தொட்டால் கேனன், 2 புள்ளி. கடைசியில் 8. ஒன்-பாக்கெட் என்கிற பூல் ஆட்டத்தில் இருப்பதுபோல ஆளுக்கு ஒரு மூலை, தன் மூலையில் 8-ஐப் போட்டால் 10 புள்ளி. ஃபவுல் ஆனால் எதிராளிக்கு 4 புள்ளியும் பால் இன் ஹேண்டும் (வெள்ளையை நினைத்த இடத்தில் வைத்து ஆடுகிற உரிமை). மொத்தப் புள்ளி யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார்.

கேனனையும் 8-ஐயும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரே மூச்சில் எடுக்கக்கூடியது 84: ஏழு தடவை ஸ்ட்ரைப்பும் 7-ம் போட்டால் 56, அதற்கு மேல் 1 முதல் 7 வரை கூட்டினால் 28. ஸ்நூக்கரின் உச்சமான 147-க்குப் பக்கத்தில் இது சின்னதுதான். ஆனால் ஒரு மணி நேர டேபிளில் ரெண்டு ஆட்டம் முடிந்துவிடும்.

பழைய மார்க்கர்

தம்பி, ஆசை நல்ல ஆசை. நான் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்து போர்டில் புள்ளி ஏற்றியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கேனனை இப்படி வைத்தால் ஆட்டம் நடக்காது.

பில்லியர்ட்ஸில் கேனனுக்கு 2 புள்ளி, ரெட்டைப் போட்டால் 3, ரெட்டில் பட்டு இன்-ஆஃப் ஆனால் (அடித்த பந்தே பாக்கெட்டில் விழுந்தால்) 3, எதிராளியின் பந்தில் பட்டு இன்-ஆஃப் ஆனால் 2. அங்கே 12 அடிப் போர்டில் மொத்தமே மூணு பந்து. அதில் ஒன்றால் மற்ற ரெண்டையும் தொட வேண்டுமானால் கோணம், வேகம், தடிமன் (அந்தப் பந்தில் எவ்வளவு படுகிறது என்பது) மூன்றும் ஒத்துவர வேண்டும். அதனால்தான் அதற்கு மதிப்பு. நீங்கள் 8 அடி டேபிளில் 15 பந்தைக் கொட்டிவிட்டு அதே கேனனுக்கு 2 புள்ளி கொடுக்கிறீர்கள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் வெள்ளை ரெண்டு பந்தில் முட்டும், முட்டாமல் திரும்பி வருவதுதான் கஷ்டம். ஸ்ட்ரைப் போட்டால் 1 புள்ளி, தெரியாமல் முட்டினால் 2 புள்ளி என்றால் பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடுவது) பழகியவன் என்ன நினைப்பான்?

இன்னொன்று, மெல்லிய கேனன் விழுந்ததா இல்லையா என்று சொல்வது சுலபமில்லை. பந்து துளி அசைந்தால் கேனன். கிளப்பில் அதைப் பார்க்க ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்பான். பார்லரில் யார் நிற்பார்கள்? தொட்டது, தொடவில்லை என்று சண்டைதான் வரும்.

ஒன்பதாம் பந்து

மார்க்கர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எனக்கு வேறு ரெண்டு இடத்தில் இடிக்கிறது.

ஃபவுலுக்கு 4 புள்ளியும் கொடுத்து, வெள்ளையையும் கையில் கொடுத்தால் ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனை. ஸ்நூக்கரில் 4 புள்ளி போனால் அடுத்த அடி பெரும்பாலும் வெள்ளை நின்ற இடத்திலிருந்துதான். பூலில் வெள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார்கள், புள்ளி போகாது. ரெண்டும் வேறு வேறு ஆட்டத்துக்கு அளந்து தைத்த சட்டை. என் ஓட்டு பால் இன் ஹேண்டுக்கு. அது இருந்தால் தொட வேண்டிய பந்தைத் தொட உண்மையிலேயே முயன்றாரா என்கிற ஸ்நூக்கரின் 'ஃபவுல் அண்ட் எ மிஸ்' பஞ்சாயத்தே தேவையில்லை.

அடுத்தது ஃபுட் ஸ்பாட். விழுகிற சாலிட் எல்லாம் ஒரே புள்ளிக்குத் திரும்பினால், ஏற்கெனவே அங்கே பந்து இருக்கும்போது அதன் பின்னால் ஒட்டி ஒட்டி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஃபுட் குஷன் பக்கம் ஒரு பந்து ரயிலே நிற்கும்.

நீலகிரிக்காரன்

நான் ஊட்டிக்காரன், இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஸ்நூக்கரே ஒரு கூட்டாஞ்சோறுதான்!

1875-ல் ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமெண்டின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவர் வேறு ஆள்) தோழர்களோடு சேர்ந்து உருவாக்கியது. விதிகள் கெட்டிப்பட்டது எங்கள் ஊட்டி கிளப்பில். அங்கே பில்லியர்ட்ஸ் அறையில் அந்த விதிகளை எழுதி மாட்டியிருந்தார்கள். இன்று உலகமே ஆடுகிற ஆட்டம் நம்ம மலையில் உருப்பட்டது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

அவர்கள் எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தில் 15 ரெட் முக்கோணமாக நிற்கும். அந்த 15 ரெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லைஃப் பூலில் ஆளுக்கு ஒரு கலர் பந்து, மூணு உயிர். அந்த உயிர்க் கணக்கை விட்டுவிட்டுக் கலர்களை மட்டும் எடுத்தார்கள். பிளாக் பூலிலிருந்து கறுப்பு வந்தது. மூன்று ஆட்டத்தையும் முழுசாக ஒட்டியிருந்தால் அன்றைக்கே செத்திருக்கும். ஒவ்வொன்றிலும் எது ஆடுகிறவனை யோசிக்க வைத்ததோ அதை மட்டும் எடுத்தார்கள். உங்கள் ஆட்டத்தில் கேனன், ஒன்-பாக்கெட், ஒன்பது பந்து எல்லாம் விதியாக வந்துவிட்டன. அவை தரவேண்டிய யோசனை இன்னும் வரவில்லை.

ஹலசூரு கியூ

நீலகிரிக்காரன் எழுதியதை ரொம்ப நேரம் யோசித்தேன். மார்க்கர் ஐயா, உங்கள் பதிலிலேயே ஒரு வழி இருக்கிறது. மூணு பந்து இருக்கும்போதுதான் கேனனுக்கு மதிப்பு என்றீர்கள். நம்ம ஆட்டத்திலும் பந்து குறைந்துகொண்டேதான் வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு விதியையும் அதற்கு ஏற்ற கூட்டம் டேபிளில் இருக்கும்போது மட்டும் திறந்துவிடலாமே?

நிறையப் பந்து கிடக்கும்போது ஸ்நூக்கர் மாதிரி மாற்றி மாற்றிப் போடுவது. எட்டுப் பந்து மிஞ்சும்போது ஒன்பது பந்து மாதிரி வரிசை. மூணே பந்து மிஞ்சும்போது பில்லியர்ட்ஸ். கடைசி அடி ஒன்-பாக்கெட்.

பழைய மார்க்கர்

இப்போது சரியான தடத்துக்கு வந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் கௌபாய் பூல் என்று ஒன்று உண்டு, உங்களுக்கு நல்ல துணையாக இருக்கும். 1, 3, 5 மூன்று பந்தும் வெள்ளையும்தான். 101 புள்ளி எடுக்க வேண்டும். 90 வரை பாட்டும் கேனனும் எண்ணிக்கையில் சேரும். 91 முதல் 100 வரை கேனன் மட்டும். கடைசி ஒரு புள்ளிக்கு வெள்ளை 1-ம் நம்பர் பந்தில் பட்டு, சொன்ன பாக்கெட்டில் இன்-ஆஃப் ஆக வேண்டும். 90-ஐச் சரியாகத் தொட வேண்டும், தாண்டினால் செல்லாது. ஒரே ஆட்டத்துக்குள் மூணு விதமான கை வேண்டும். அந்த மாற்றம் புள்ளியால் வருகிறது, உங்களுடையதில் பந்து எண்ணிக்கையால் வருகிறது. உங்கள் வழி பார்லருக்குச் சுலபம். டேபிளைப் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும்.

மூணு பந்துக் கட்டத்தில் பந்தை வெளியே போகவிடாதீர்கள். 6-ம் 7-ம் 8-ம் மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். 6 விழுந்தால் புள்ளியைக் கொடுத்துவிட்டு 6-ஐ உடனே ஃபுட் ஸ்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாட்டோடு பில்லியர்ட்ஸ் கட்டம் முடிந்துபோகும்.

மூணு டேபிள்

கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன பார்லரைப் பார்த்துக்கொள்கிறேன். நடைமுறையில் ரெண்டு விஷயம்.

ஒன்று, என் டேபிளில் தமிழ், கன்னடம், இந்தி மூணும் ஓடும். ஸ்நூக்கர் கலர் மதிப்பைப் புதுசாக வருகிற ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால், பிரவுன் நாலா பச்சை நாலா என்று பாதி ஆட்டத்தில் கேட்பான். நீங்கள் பந்தின் எண்ணையே புள்ளியாக வைத்தது ரொம்ப நல்லது. எந்த மொழிக்காரனும் படித்துக்கொள்வான்.

ரெண்டாவது, 7 பந்து. என் டேபிளில் மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய ரெண்டு பந்து அகலம். ஃபுட் ஸ்பாட்டில் வைத்த 7-ஐ நல்ல ஆட்டக்காரன் ஒவ்வொரு தடவையும் போட்டுவிடுவான். ஸ்ட்ரைப், 7, ஸ்ட்ரைப், 7 என்று போனால் எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்நூக்கரில் போர்டு பெரிசு, பாக்கெட் சின்னது, பந்து 52.5 மில்லிமீட்டர். அங்கே 7 புள்ளி உழைத்து வாங்குவது. 57.15 மில்லிமீட்டர் பூல் பந்தும் அகல வாய்ப் பாக்கெட்டும் இருக்கிற இடத்தில் அதே 7 புள்ளி சும்மா வருகிறது.

சாக் தூள்

அண்ணன்களுக்கு வணக்கம். மூணு டேபிள் அண்ணன் சொன்ன 7 பிரச்சினைக்கு நம்ம வீட்டு கேரம் போர்டிலேயே வழி இருக்கிறது. ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்பப் போர்டுக்கு வந்துவிடும். அதையே இங்கே 7-க்கு வையுங்கள். 7 விழுந்தால் புள்ளியை எழுதாதீர்கள். அடுத்த அடியில் ஒரு ஸ்ட்ரைப் விழுந்தால்தான் அந்த 7 கணக்கில் ஏறும். விழாவிட்டால் 7-க்குப் பூஜ்யம்.

1 முதல் 6 வரை ஃபாலோ வேண்டாம், உடனே எழுதிக்கொள்ளலாம். இப்படி வைத்தால் 7-ஐ எடுக்கப்போகிறவர் அது விழுந்தபின் வெள்ளை எங்கே நிற்கும் என்று முதலிலேயே பார்க்க வேண்டும். 4-ஐ எடுத்தால் நாலு புள்ளி பத்திரம், 7-ஐ எடுத்தால் ஏழு அல்லது ஒன்றுமில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம், 'ஏழுக்கு ஃபாலோ' என்றால் போதும்.

ஒன்பதாம் பந்து

அக்கா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது நன்றாக ஆடுகிறவனைத் தண்டிப்பதாகாதா? 7-ஐப் போட்டது பாட்தானே? விழுந்த பந்துக்குப் புள்ளி மறுப்பது பூலின் குணமே இல்லை. அதைவிட 7-ன் ஸ்பாட்டை மாற்றலாம். 6, 7 ரெண்டையும் ஹெட் ஸ்பாட்டிலும் (எதிர்ப்பக்கத்துப் புள்ளி), 4, 5-ஐ நடு ஸ்பாட்டிலும், 1, 2, 3-ஐ ஃபுட் ஸ்பாட்டிலும் வைத்தால் பந்து ரயிலும் நிற்காது. பிரேக்குக்கு (பந்துகளைக் கலைக்கிற முதல் அடி) பிறகு ஸ்ட்ரைப் பெரும்பாலும் ஃபுட் பக்கம்தான் இருக்கும். 7 வேண்டுமானால் வெள்ளையை டேபிள் நீளத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். திறமைக்கு விலை அதிலேயே இருக்கிறதே.

சாக் தூள்

மூணு ஸ்பாட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஃபாலோவைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. பாட் மட்டும் தெரிந்தவரையும் வெள்ளையை நிறுத்தத் தெரிந்தவரையும் அது பிரித்துக் காட்டுகிறது. ஒன்பது பந்தில் உங்கள் பலமே அடுத்த பந்துக்கு வெள்ளையை நிறுத்துவதுதானே? ஃபாலோ விதியால் அதிகம் லாபம் அடையப்போவது நீங்கள்தான்.

ஹலசூரு கியூ

ரெண்டையும் ஆடிப் பார்த்தோம். மழை நாளில் துணி கொஞ்சம் ஈரம் வாங்கியிருந்தது, பந்து மெதுவாகத்தான் ஓடியது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட்டையும் மாற்றி ஃபாலோவையும் சேர்த்தபோது ஒருத்தரும் 7 பக்கம் போகவில்லை, எல்லாரும் 3-ஐயே சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். அதனால் 6-ஐ ஹெட் ஸ்பாட்டிலேயே விட்டுவிட்டு 7-ஐ நடு ஸ்பாட்டுக்குக் கொண்டுவந்தோம், ஃபாலோவை வைத்துக்கொண்டோம். நடுவில் நிற்கிற 7 எந்தப் பக்கமிருந்தும் கண்ணைப் பறிக்கிறது. விழவும் விழுகிறது. ஆனால் அடுத்த ஸ்ட்ரைப் எங்கே என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. எங்கள் ஸ்நூக்கர் நண்பர் 7-ஐப் பக்கப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ஃபாலோவுக்கு நீள மூலையில் ஒரு ஸ்ட்ரைப்பைக் குறிவைத்து, கியூவுக்குச் சாக் தடவிக்கொண்டே டேபிளை ரெண்டு சுற்று வந்தார். எட்டுப் பந்தில் அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததே இல்லை.

மூணு பந்துக் கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதத் தோன்றுகிறது. பில்லியர்ட்ஸ் நண்பரின் முறை. 6 இடது குஷனிலிருந்து ஒரு கை தூரம், 8 அதற்கு மேலே. 7 மறைந்து நின்றது. நாங்கள் எல்லாரும் 6-ஐப் பாட் அடிப்பார் என்று நினைத்தோம். அவர் கியூ முனையை 6-ன் ஓரத்துக்கு நேராக வைத்தார், அரைப் பந்துத் தடிமன். வெள்ளையை நிறுத்தாமல், பின்னிழுக்காமல் சும்மா உருளவிட்டார். உருண்டு போகிற வெள்ளை அரைப் பந்தில் பட்டால் தன் பாதையிலிருந்து 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே விலகும், பில்லியர்ட்ஸ்காரர்களுக்கு அந்தக் கோணம் கையிலேயே இருக்கிறது. வெள்ளை 6-ல் பட்டு விலகி நேராகப் போய் 8-ஐத் தட்டியது, 2 புள்ளி. 6 குஷனில் பட்டுத் திரும்பி 8-க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது, அடுத்த கேனனுக்குத் தயாராக. எங்கள் ஒன்பது பந்து நண்பர் அதை மறுபடி வைத்து ஆடிக் காட்டச் சொன்னார். அவர் ஸ்டன் (வெள்ளை உருளாமல் வழுக்கிப் போய்ப் படுகிற அடி) அடித்தே பழகியவர். ஸ்டன் அடித்தால் வெள்ளை, பட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாகப் போகும், அந்த இடத்திலிருந்து 8 கிடைக்கவே கிடைக்காது.

நான் இந்த ஆட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

மூணு டேபிள்

ரெண்டு சந்தேகம். ஒருத்தர் முதல் கட்டத்திலேயே ஜெயிக்கிற அளவுக்குப் புள்ளி எடுத்துவிட்டால் மற்ற கட்டங்கள் எதற்கு? 8 பாதியில் தெரியாமல் விழுந்தால் என்ன செய்வது? எட்டுப் பந்தில் அது உடனே தோல்வி.

பழைய மார்க்கர்

முதல் கேள்விக்கு, மொத்தப் புள்ளியைப் பார்த்து வெற்றி கொடுக்காதீர்கள். ஒரு இலக்கு வையுங்கள், 50 போதும். இலக்கைத் தொட்டவருக்கு 8-ஐப் போடும் உரிமை மட்டும் கிடைக்கட்டும். ஜெயிக்க வேண்டுமானால் 8 அவருடைய மூலையில் விழ வேண்டும். மூணு பந்துக் கட்டம் வரும்வரை 8-க்குப் பூட்டு. முன்கூட்டியே 50 எடுத்தவரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். அதற்குள் எதிராளி எட்டிப் பிடிக்கலாம், 8-ஐ அவருடைய மூலைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளியும் வைக்கலாம். ஒன்-பாக்கெட்டின் சாரமே தடுப்பாட்டம்தான், அது இப்போது உண்மையாகவே உள்ளே வருகிறது.

ரெண்டாவதுக்கு, பூட்டு இருக்கும்போது 8 விழுந்தால் ஃபவுல். 8 ஃபுட் ஸ்பாட்டுக்குத் திரும்பும், எதிராளிக்குப் பால் இன் ஹேண்ட், அவ்வளவுதான். ஒரு தவறான துள்ளலுக்கு முழு ஆட்டத்தையும் பறிக்க வேண்டாம்.

நீலகிரிக்காரன்

இப்போது படிக்கும்போது ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் ஒரே ஒரு யோசனை வந்திருக்கிறது. நம்ம பெங்களூர் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ரெண்டிலும் உலகப் பட்டம் வென்றவர், 6 ரெட் ஸ்நூக்கரிலும் வென்றிருக்கிறார். அப்படிப் பல ஆட்டம் தெரிந்த கைக்கு ஒரே டேபிளில் வேலை கொடுக்கிற ஆட்டம் இந்த ஊரில் உருவாவது பொருத்தம்தான். 6 ரெட்டும் இதே வழிதான்: 15 ரெட்டை 6 ஆக்கினார்கள், ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சம் 75 ஆனது, நேரம் சுருங்கியது, கலர்களைத் தொடவில்லை.

ஹலசூரு கியூ

எல்லாருடைய யோசனையும் சேர்ந்த விதி இதோ. அடுத்த வாரம் இதை வைத்துத்தான் ஆடப்போகிறோம்.

ரேக்கில் (பந்து அடுக்குகிற முக்கோணம்) 8 நடுவில். பிரேக்குக்கு முன்பே ஃபுட் பக்க மூலைகளில் ஆளுக்கு ஒன்று, பிரேக் எடுக்காதவர் முதலில் தேர்ந்தெடுப்பார். ஸ்ட்ரைப் இருக்கும்வரை ஒரு ஸ்ட்ரைப், ஒரு சாலிட். சாலிட்டுக்குப் பந்தும் பாக்கெட்டும் சொல்ல வேண்டும். 1, 2, 3 ஃபுட் ஸ்பாட்டுக்கு, 4, 5, 7 நடு ஸ்பாட்டுக்கு, 6 ஹெட் ஸ்பாட்டுக்குத் திரும்பும். ஏழுக்கு ஃபாலோ. ஸ்ட்ரைப் தீர்ந்ததும் சின்ன எண் முதலில், விழுந்த சாலிட் வெளியே, ஃபாலோ கிடையாது. ரெண்டு சாலிட்டும் 8-ம் மிஞ்சினால் வரிசையும் கிடையாது. கேனனுக்கு 2, பாட்டுக்குப் பந்தின் எண், விழுந்த சாலிட் ஃபுட் ஸ்பாட்டுக்கு. எல்லாக் கட்டத்திலும் ஃபவுலுக்குப் பால் இன் ஹேண்ட் மட்டும். 50 எடுத்தவர் தன் மூலையில் 8-ஐப் போட்டால் வெற்றி. 50 எடுக்காதவர் 8-ஐப் போட்டாலும், எடுத்தவர் வேறு பாக்கெட்டில் போட்டாலும் ஃபவுல், 8 திரும்ப வரும்.

ஒன்பதாம் பந்து

கடைசி ஸ்ட்ரைப் போட்டுவிட்டு ஒருவர் 7-ஐ எடுக்கிறார். ஃபாலோ போட ஸ்ட்ரைப்பே இல்லையே, அப்போது?

சாக் தூள்

அப்போது ஃபாலோ 1-ம் நம்பர் பந்து. ரெண்டாம் கட்டத்தில் வெள்ளை முதலில் தொட வேண்டியதும் அதுதான். 1 விழுந்தால் 7-ம் 1-ம் சேர்த்து 8 புள்ளி. விழாவிட்டால் 7-க்குப் புள்ளி இல்லை, 7 நடு ஸ்பாட்டில் இருக்கும், எதிராளி 1-ஐத் தொட்டுத் தொடங்குவார்.

ஒன்பதாம் பந்து

சரி, இது ஓடும். ஞாயிறு நானும் வருகிறேன்.